அந்தோனியாருக்கு நேர்ந்த திராட்சை

ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சமாதானக் காலத்தின் இரண்டாவது வருடம் அது. இராணுவத்தின் பக்கம் ஒரு நேரம், புலிகள் வைத்திருந்த வன்னிக்குள் இன்னொரு நேரம். மினிபஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, உது அங்கத்தைய நேரம். இஞ்சை இப்பதான் பன்னிரண்டரை. அரை மணித்தியாலம் சும்மா கிடைச்சிருக்கு, என்ன செய்யப்போறியள்?" என்றார்.

"நித்திரை கொள்ளப்போறன்" என்றேன். சொன்னபடியே கொண்டேன்.

விடிவதற்கு முன்னரே வவுனியாவில் வரிசையில் நின்று கால் கடுத்துப் போயிருந்தது. சாவடியில் ஒரு சிப்பாய் என் பையைக் கிளறி, துணியில் சுற்றி வைத்திருந்த சமையல் கத்தியை எடுத்துச் சிங்களத்தில் கேட்டான்: "இது எதை வெட்ட?" எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "வெங்காயம்" என்றேன். "வெங்காயம் வெட்டவா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டு, திரும்பவும் துணியில் ஒழுங்காகச் சுற்றித் தந்தான். அவனும் களைத்துத்தான் இருந்தான்.

அவன் கேட்டதில் பிழை இல்லை. பாரிஸில் நான் கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் வெட்டுகிற இடத்துக்கு உயர்ந்தவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு கொழும்பு, டோகா, பாங்கொக் என்று எங்கே குசினிக் கதவு திறந்திருந்ததோ அங்கே நுழைந்தேன். மற்றதெல்லாம் அரைகுறை என்றாலும் வாய் மட்டும் நன்றாகப் படித்தது. எதைத் தின்றாலும் இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று நாக்கு தானாகவே தேடும்.

இந்தப் பயணமும் நாக்கின் பேரில் வந்ததுதான். பாரிஸில் என்னோடு ஒரே அறையில் படுக்கிற அந்தோனிப்பிள்ளைக்கு விசா வழக்கு முடியவில்லை. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. அவனுடைய அண்ணன் சவிரிமுத்து வட்டக்கச்சிக்கு அப்பால் பனை சீவுகிறவர். நான் புறப்பட்டபோது அண்ணனுக்கு இரண்டு சட்டையும் ஒரு படமும் தந்துவிட்டு அவன் சொன்னான்: "அண்ணன்ரை கையாலை சீவின கள்ளு ஒரு பிளா குடிச்சுப்போட்டு வந்து, எப்பிடி இருந்தது எண்டு ஒழுங்காச் சொல்லு. நீ ருசி சொல்லத் தெரிஞ்சவன்." பிளா என்பது பனையோலையில் மடித்த குடிகலம். இன்னொருவனுக்காகக் குடிப்பதை வேலையாக ஏற்றுக்கொண்டு கடல் கடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்பதாம் இலக்க வீதி அப்போது வீதியாக இருக்கவில்லை. குழிகளுக்கு நடுவே கொஞ்சம் தார் இருந்தது. இரு பக்கமும் கண்ணிவெடி என்று மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். மாங்குளத்துக்கு இப்பால் பஸ்ஸின் ஒரு சில்லுக்குக் காற்றுப் போயிற்று. இறங்கி மரநிழலில் நிற்கலாம் என்று பார்த்தால், மரம் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றது. எல்லோரும் வெயிலில், தார் மீதே நின்றோம். ஒரு பெண் சேலைத் தலைப்பைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, "சண்டை இல்லை எண்டாங்கள், நிழலும் இல்லை எண்டு சொல்லேல்லை" என்றாள்.

கிளிநொச்சியில் கூரைத்தகரம் வேய்ந்த ஒரு கடையில் சாப்பிட்டேன். சோறு, குளத்து விரால் குழம்பு, கீரைக்கடையல். விராலில் சேறு மணக்கக் கூடாது. மணக்கவில்லை. புளியும் மிளகும் போட்டு நீண்ட நேரம் வற்றவிட்டிருந்தார்கள். பாரிஸில் நான் வேலை செய்யும் கடையில் ஆற்றுமீனுக்கு வெண்ணெயை ஊற்றி, மேலே ஓர் இலையை வைத்து, அந்த இலைக்கும் சேர்த்து விலை போடுவார்கள். இங்கே வாழையிலையே இல்லை. லஞ்ச் சீற் என்கிற பிளாஸ்ரிக் தாள்தான். ஆனாலும் இரண்டாம் தரம் சோறு கேட்டேன். பரிமாறியவர், "வெளிநாடோ?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "முள்ளு எடுக்க இவ்வளவு பயப்பிடுறியள்" என்றார்.

அங்கிருந்து உழவு இயந்திரத்தின் பெட்டியில், உர மூட்டைகளுக்கு மேல் இருந்து போனேன். சிறுபோக வயல்கள் பச்சையாக இருந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும் போல இருந்ததால் பச்சையை அவ்வளவாக இரசிக்க முடியவில்லை.

சவிரி அண்ணை மரத்தில் இருந்தார். கீழே நின்று பெயரைச் சொன்னேன். "ஆர் அது, தம்பி அனுப்பின ஆளோ? நில்லும், உமக்கு வாய் காஞ்சிருக்கும்" என்று மேலிருந்து குரல் வந்தது. இறங்கியபோது பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நெஞ்சிலும் முழங்கால்களுக்கு உள்பக்கத்திலும் தோல் மரப்பட்டை போலத் தடித்திருந்தது. பிளாவை மடித்து என் கையில் தந்து, கள்ளு இறக்கும் மண்பானையான முட்டியைச் சரித்து ஊற்றினார்.

பிரான்சில் வேலையில்லாமல் இருந்த இரண்டு இலையுதிர் காலங்களில் நான் திராட்சை பிடுங்கப் போயிருக்கிறேன். அந்தத் தோட்டத்துக் கிழவர் வைனில் எதையும் சேர்க்க மாட்டார். மருந்தும் இல்லை, வாங்கிய நொதியும் இல்லை. பழத்தின் தோலிலேயே எல்லாம் இருக்கிறது என்பார். அவருடைய வைன் கலங்கலாக, கொஞ்சம் புளித்து, நாக்கில் நுரைக்கும். பாரிஸில் அதற்கென்றே ஆட்கள் வந்து, மூக்கை உள்ளே விட்டு மணந்து மணந்து குடிப்பார்கள். சவிரி அண்ணையின் கள்ளு அதே ஆள்தான், சட்டை மட்டும் வேறு. கலங்கல், புளிப்பு, நுரை. கடைசியில் பச்சை ஓலையின் ஒரு கசப்பு. அந்தோனிப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை அங்கேயே மனதில் எழுதிக்கொண்டேன்.

இதை அவரிடம் சொன்னதுதான் வினையாயிற்று.

"திராட்சை பிடுங்கின நீரோ?" அவர் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். கிணற்றடியில், காட்டுத்தடிகளால் கட்டிய பந்தலில் ஒரு திராட்சைக் கொடி. கருநீலப் பழங்கள் குலைகுலையாகத் தொங்கின. மணி சிறியது, தோல் தடிப்பு. வன்னி மண்ணில் நான் எதிர்பார்த்திராத காட்சி.

அன்று இரவு அவருடைய மனைவி பிலோமினா அக்கா குரக்கன் பிட்டும் கருவாட்டுக் குழம்பும் தந்தார். தின்றுகொண்டிருக்கையில் அந்தக் கொடியின் கதை வந்தது. இடம்பெயர்ந்து காட்டுக்குள் ஒரு மரத்தடியில் இருந்தபோது மகள் றெஜினாவுக்கு மலேரியாக் காய்ச்சல். மருந்து இல்லை. பிள்ளைக்குக் கண் செருகியபோது சவிரி அண்ணை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை தப்பினால், சொந்த வீட்டு வளவில் திராட்சை வைத்து, முதற்பழத்தில் திருநாள் பூசைக்குத் திராட்சை இரசம் தருவேன்.

"ஏன் அண்ணை திராட்சை? மெழுகுதிரி நேர்ந்திருக்கலாமே" என்றேன்.

"எல்லாரும் தங்கட கையிலை வாறதைத்தான் குடுப்பினம். வயல்காரன் நெல்லுக் குடுப்பான். கடல்காரன் மீன் வித்துக் குடுப்பான். என்ரை கையிலை வாறது ஊத்துற சாமான் மட்டும்தான். கள்ளைக் கோயிலுக்குள்ளை கொண்டுபோகேலுமே? அதுதான் கோயில் ஏத்துக்கொள்ளுற ஊத்துற சாமானா நேந்தன்."

முதல் வைத்த கொடியைக் கறையான் தின்றது. இரண்டாவது காய்க்கும் வயதில் மறுபடி இடம்பெயர நேர்ந்தது. இது மூன்றாவது. றெஜினா பிழைத்து, வளர்ந்து, புதுக்குடியிருப்பில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். கடன் மட்டும் அப்படியே நின்றது.

"எனக்கு இரசம் போடத் தெரியாது தம்பி. நீர் கண்டனீர்தானே, சொல்லும்."

எனக்குத் தெரிந்தது பிடுங்கவும் கூடை சுமக்கவும் மட்டும்தான் என்று சொன்னேன். அவர் விடவில்லை. கண்ட அளவில் சொன்னேன்: நசுக்க வேண்டும், வைக்க வேண்டும், காற்றுப் படக்கூடாது, காற்றுப் பட்டால் புளித்துக் காடியாகிவிடும்.

"புளிக்காமல் வைக்கிறதோ? அது எங்களுக்குத் தெரியாத வேலையே!" என்று அவர் சிரித்தார். பிலோமினா அக்கா, "மனுசன் இப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கன காலம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பூசைக்குப் போனேன். அந்தோனியார் கோயில் கூரையின் பாதி தகரம், பாதி ஓலை. சுவாமியார் இளைஞர், கண்ணாடி போட்டவர். பிரசங்கம் பெரும்பாலும் கள்ளைப் பற்றித்தான் இருந்தது. "கள்ளுக் குடிச்ச வாயாலை நற்கருணையிலை ஆண்டவரை வாங்க வாறியளே, வெக்கமில்லையோ?" ஆண்கள் பக்கத்தின் கடைசி வாங்குப் பலகையில் சவிரி அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சீவுகிறவரே தவிர, பூசை நாளில் ஒரு சொட்டும் வாயில் வைக்காதவர். பூசை முடிந்ததும் நேர்த்தியைப் பற்றிச் சொன்னோம். சுவாமியார் என்னையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"செய்யும் சவிரி. ஆனால் ஒண்டு. பழத்தைத் தவிர வேறை ஒண்டும் கலக்கக் கூடாது. சீனி, தண்ணி, ஒண்டுமே. கலந்தால் பூசைக்கு ஆகாது."

"மாதா அறியக் கலக்கமாட்டன் சுவாமி."

அடுத்த நாள் குலைகளை எல்லாம் ஆய்ந்தார்கள். குரங்கு வருவதற்கு முன்னர் கொடியை முழுதாக வழித்து எடுத்தார்கள். நான் ஒரு பை பழத்தோடு புறப்பட்டேன், மகளிடம் கொடுக்கச் சொல்லி. அந்தோனியார் திருநாளுக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். அவர்கள் வீட்டில் இன்னும் நின்றால் பாரமாகிவிடும். எனக்கும் ஓர் இடத்தில் நிற்க வராது.

முல்லைத்தீவுக்குப் போன பஸ்ஸுக்கு ஒரு பக்கம் யன்னல் இல்லை, மறுபக்கம் இருக்கை இல்லை. நான் யன்னல் இல்லாத பக்கத்தைத் தெரிந்தெடுத்தேன். இறங்கியபோது தலைமயிர் செம்மண் நிறம். ஊரில் சுவர்கள் நின்றன, வீடுகள் நிற்கவில்லை. கடற்கரையில் தறப்பாள் கூரையின் கீழ் ஒரு தேநீர்க் கடை. வைத்திருந்தவர் அந்த ஊர் முஸ்லிம். பல வருடங்கள் புத்தளத்துப் பக்கம் அகதியாக இருந்துவிட்டு, வளவைப் பார்க்க என்று தனியாக வந்தவர், அப்படியே கடை போட்டுவிட்டார்.

அவர் கணவாயைச் சுத்தப்படுத்தி, தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் விட்டு, மூடியைத் திறக்காமல் அவித்தார். தண்ணீர் விடவில்லை. "கணவாய்க்குத் தண்ணி விடுறவன் சமையல்காரன் இல்லை, தீயணைக்கிற ஆள்" என்றார். நான் நேர்த்தியின் கதையைச் சொன்னேன். சாராயமும் வைனும் தனக்கு ஆகாது என்று கையை ஆட்டியவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அந்தப் புள்ளை இப்ப சுகமா இருக்குதா?"

"ஓம்."

"அப்ப அந்த மனுசன் சுகமா இருக்கமாட்டார். வாங்கினதுக்குக் குடுக்கேல்லையே."

இரண்டு மூன்று நாள் என்று நினைத்துப் போன இடத்தில், வயிற்றோட்டம் பிடித்து அதைவிட அதிக நாள் கிடந்தேன். கணவாயைக் குறை சொல்லமாட்டேன். கிணற்றுத் தண்ணீர் என்று நினைக்கிறேன். தறப்பாளின் கீழ் படுத்து, அவர் காய்ச்சித் தந்த அரிசிக் கஞ்சியை உப்பில்லாமல் குடித்தேன். ருசி தேடிப் போகிறவனுக்கு இது அடிக்கடி நடக்கும்.

எழும்பி நடக்க முடிந்ததும் புதுக்குடியிருப்புக்கு வந்தேன். பாலைப்பழக் காலம். சந்தையில் பேணியால் அளந்து விற்றார்கள். மஞ்சள் மணிகள், தேனை விட இனிப்பு. தின்றுகொண்டே நடந்து, றெஜினாவின் பள்ளிக்கூடக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் இரண்டு உதடும் பிசினால் ஒட்டிக்கொண்டன. அவளுடைய அப்பா வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை. பிள்ளைகள் கூத்தாடிச் சிரித்தார்கள். அவள் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, "பூசுங்கோ. வெளிநாட்டு ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் வந்து சேருவினம்" என்றாள்.

நான் கொண்டுவந்த திராட்சை பாதி வற்றி உலர்திராட்சையாகி இருந்தது. அவள் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, மற்றதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

"அண்ணை, எனக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் உள்ள அப்பா என்னோடை கதைக்கமாட்டார். மற்ற நாளிலை அப்பிடி இப்பிடி ரெண்டு சொல்லு வரும். திருநாள் அண்டைக்கு என்னைக் கண்ணெடுத்தும் பாக்கமாட்டார். சின்னனிலை நான் நினைச்சனான், நான் தப்பினது அவருக்குப் பிடிக்கேல்லை எண்டு."

"அது கடன் பயம்" என்றேன்.

"இப்ப விளங்குது. விளங்கி என்ன? இந்தமுறையாவது அந்த இரசம் சரிவரட்டும். நான் வாறன்."

திருநாளுக்கு முந்திய நாள் காலையில் வட்டக்கச்சிக்கு வந்து சேர்ந்தேன். கோயிலில் காகிதக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சவிரி அண்ணை தம்பி அனுப்பிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு, வாய்க்குத் துணி கட்டிய முட்டி ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு நின்றார். "உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். வாரும்."

சுவாமியார் தன் அறையில் துணியை அவிழ்த்து, கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் சரித்தார். வந்தது நீலம். நீலம் என்றும் சொல்ல முடியாது. பேனா கழுவிய தண்ணீரில் சாம்பலைக் கரைத்தால் ஒரு நிறம் வருமே, அது.

"என்ன இது சவிரி?"

"இரசம் சுவாமி."

"என்ன கலந்தனீர்?"

"ஒண்டும் கலக்கேல்லை சுவாமி. சீனி இல்லை, தண்ணி இல்லை. எங்கட கொடி, என்ரை கை."

நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு இல்லை, வெறி இல்லை. புதிதாக வெள்ளையடித்த சுவரை நக்கியது போல் இருந்தது. அப்போதுதான் விளங்கியது.

"அண்ணை, முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசினியளோ?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பூசாமல்? பூசாட்டிக் கள்ளாய்ப் போமெல்லோ!"

பனை சீவுகிறவர்களுக்கு இது மூச்சு விடுவது போல. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது இனிப்பான கருப்பநீர், குழந்தையும் குடிக்கலாம். பூசாமல் கட்டினால் கள்ளு. சுண்ணாம்பு அவருக்குக் கலப்பு இல்லை. அது முட்டியின் ஒரு பகுதி. ஆனால் திராட்சைச் சாறு சுண்ணாம்பைக் கண்டதும் சிவப்பை விட்டு நீலமாகிவிட்டது.

சுவாமியார் கதிரையில் உட்கார்ந்தார். "சவிரி, இரசம் எண்டால் புளிச்சுத்தான் வரவேணும். அதுதான் முறை."

"புளிச்சால் வெறிக்குமே சுவாமி."

"ஓம்."

"வெறிக்கிற சாமானையோ பீடத்திலை வைக்கிறியள்?" அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். "அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் எங்களுக்குச் சொல்லுறது…"

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்தார். உள்ளே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரசப் போத்தல் ஒன்று இருந்தது. "நாளைக்கு இதிலை பூசை வைக்கலாம். உம்மடை நேர்த்தியை வாற வருசம் செய்யலாம்தானே."

"வாற வருசம் நாங்கள் எங்கை இருப்பம் எண்டு ஆருக்குத் தெரியும் சுவாமி?"

சவிரி அண்ணை முட்டியின் வாயைத் திரும்பவும் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில், வெறும் கொடியின் கீழ் இருந்தார். மத்தியான பஸ்ஸில் றெஜினா வந்தாள். "அப்பா" என்றாள். அவர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

பிலோமினா அக்கா குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே, "சக்கையை நான் என்ன செய்தனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார்.

"என்ன சக்கை?"

"இவர் சாறை மட்டும் வடிச்சு எடுத்துக்கொண்டு, தோலையும் பாதி நசியாத பழத்தையும் கோழிக்குப் போடச் சொன்னார். நேத்திப் பழத்தைக் கோழிக்குப் போடுறதோ? வினாகிரிக்கு ஆகும் எண்டு ஒரு முட்டியிலை அடைச்சு, மூடியைச் சுத்தி மண் பூசி வைச்சனான். எலித் தொல்லை."

குசினியின் பின்பக்கத்து மூலையில் இருந்தது. மண்ணைத் தட்டி மூடியைத் தூக்கினோம். பிரான்சில் அந்தக் கிழவரின் நிலவறைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் மணம் அப்படியே வந்தது. அகப்பையால் ஒதுக்கிப் பார்த்தேன். தோல் மேலே மிதந்தது. கீழே இருந்தது இரத்தச் சிவப்பு. வாயில் வைத்தேன். இன்னும் சில வாரம் மூடியைத் திறந்து விட்டிருந்தால் வினாகிரி. இப்போது அது வைன். முரட்டு வைன், தொண்டையைச் சுரண்டுகிற வைன், ஆனால் வைன்.

"அக்கா, தண்ணி விட்டனீங்களோ?"

"வினாகிரிக்கு ஆர் தண்ணி விடுறது?"

"சுண்ணாம்பு?"

"இது பழைய கள்ளு முட்டி. சுண்ணாம்பு இல்லை. கழுவித்தான் எடுத்தனான்."

சவிரி அண்ணை பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. "கள்ளு முட்டியிலை கிடந்ததை நான் கோயிலுக்குக் கொண்டுபோகமாட்டன்" என்றார்.

"இதுதான் அண்ணை இரசம். உங்கட முட்டியிலை இருந்தது இல்லை."

"வேண்டாம் தம்பி. அந்தோனியாருக்குக் கள்ளு முட்டியிலையோ குடுக்கிறது?"

பிலோமினா அக்கா தேங்காயை வைத்துவிட்டு எழுந்தார். கையைச் சேலையில் துடைத்தார். "நீங்கள் போகவேண்டாம். நான் போறன். நேந்தது நீங்கள் தனியவோ? பிள்ளையை மடியிலை வைச்சிருந்தது ஆர்? நீங்கள் வாயாலை நேந்தியள். நான் வாய் திறக்காமல் நேந்தனான்."

அவர் ஒரு வெள்ளைத் துணியில் அதை இரண்டு தரம் வடித்தார். ஒரு போத்தலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. றெஜினா போத்தலைப் பிடித்தாள். இருவரும் வெயிலில் கோயிலுக்கு நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

சுவாமியார் மணந்தார். ஒரு சொட்டைக் கரண்டியில் விட்டு ருசித்தார். "எதிலை வைச்சிருந்தனீங்கள்?"

"கள்ளு முட்டியிலை சுவாமி" என்றார் பிலோமினா அக்கா. தலையைக் குனியவில்லை.

சுவாமியார் கரண்டியைத் துடைத்து வைத்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, அந்த யாழ்ப்பாணத்துப் போத்தலைப் பின்னால் தள்ளி, இதை முன்னால் வைத்தார். "அவரை வரச்சொல்லுங்கோ நாளைக்கு" என்றார்.

திருநாள் பூசை நீளமாக இருந்தது. வெக்கையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். எனக்கும் முல்லைத்தீவுத் தண்ணீரின் களைப்பு இன்னும் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். பாத்திரத்தில் ஊற்றும்போது சிறு கண்ணாடிக் குடுவையில் அந்தச் சிவப்பைக் கண்டேன். சவிரி அண்ணை உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, செருப்புகளோடு செருப்பாக நின்றார். சுவாமியார் பாத்திரத்தை உயர்த்தினார். வழக்கத்தை விட நீண்ட நேரம் உயர்த்திப் பிடித்தார் என்று எனக்குத் தோன்றியது. மணி அடித்தது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் அவர் இல்லை.

பூசைக்குப் பிறகு கடலைக்கறியும் பூசணிக்காயுமாகச் சாப்பாடு. பெரிய கிடாரங்களில் வெந்த சோறு அடிப்பிடித்திருந்தது. அந்த மணமும் எனக்குப் பிடிக்கும். நான் மத்தியான உழவு இயந்திரத்தில் புறப்பட வேண்டும். விடைபெறுவதற்காக அவரைத் தேடிப் பனங்கூடலுக்குப் போனேன்.

அவர் மேலே இருந்தார். புதுச்சட்டை கீழே ஓர் இளம்பனை வடலியில் தொங்கியது. மரத்தடியில் றெஜினா, சோற்றுக் கோப்பையை ஓர் ஓலைத்துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டேன்.

மேலே கத்தி பாளையில் உரசும் சத்தம் நின்றது.

"ஆர் கீழை?"

"நான்தான் அப்பா."

கத்தி மறுபடி இரண்டு தரம் உரசியது. பிறகு, "நீ திண்டனியோ?" என்று கேட்டது.

"இல்லை. இறங்குங்கோ, சேந்து தின்னுவம்."

"இன்னும் ரெண்டு மரம் கிடக்கு."

"சரி. நிக்கிறன்."

பனையில் ஒரு நேரம் சீவாமல் விட்டால் பாளையின் வாய் அடைத்துவிடும். பிறகு அந்தப் பாளை அவ்வளவுதான். காய்ச்சலிலும், ஷெல் விழுந்த நாட்களிலும் அவர் ஒரு மரத்தையும் தவறவிட்டதில்லை என்று அந்தோனிப்பிள்ளை பாரிஸில் பெருமையாகச் சொல்வான். வீதியில் உழவு இயந்திரம் இரண்டு தரம் ஹோன் அடித்தது. நான் கையை ஆட்டிவிட்டு நடந்தேன். மேலிருந்து அவர் கண்டாரோ தெரியாது. வேலியைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த இரண்டு மரத்தையும் விட்டுவிட்டு அவர் இறங்கி, மகளிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தார்.